கறுத்த தோலுக்கும் புற்றுநோய் வருமா?
உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லும் ஒரு பாடம்



சென்ற மாதம் ஒரு மாலை நேரம். மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற ஒரு தங்கச்சி என்னிடம் இப்படிக் கேட்டாள்: "ஐயா, தோல்ல வர்ற புத்துநோய் வெள்ளக்காரங்களுக்குத்தானே வரும்? வெயில்ல நின்னு நின்னு கறுத்துப்போன நமக்கு அது எப்படி வரும்?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பாடத்தின் பின்பகுதியில் சொல்கிறேன்.

அந்தத் தங்கச்சி சொன்னதில் பாதி சரி. கறுத்த தோலுக்குத் தோல் புற்று வருவது மிகவும் குறைவு. ஆனால் மற்றப் பாதியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நோய் வந்தவர்களை மட்டும் எடுத்து, அதில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பார்த்தால், கறுத்த தோல்காரர்களே குறைவாகப் பிழைக்கிறார்கள். அடிக்கடி வருகிறவன் பிழைக்கிறான், எப்போதாவது வருகிறவன் சாகிறான். இது என்ன கணக்கு? அதற்கு விடை தேடுவதுதான் இம்முறைப் பாடம்.

தோல் புற்று என்றால் என்ன?

நம் தோல் சின்னச் சின்ன உயிர்க்கலங்களால் ஆனது. பழைய கலம் உதிர்ந்து புதிய கலம் வரும். இது ஒரு ஒழுங்கில் நடக்கும். அந்த ஒழுங்கு கெட்டு, ஒரு இடத்துக் கலங்கள் சொல்பேச்சுக் கேளாமல் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்று.

தோல் புற்றில் பல வகை உண்டு. சில வகைகள் மெதுவாக வளரும். வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் மெலனோமா என்று ஒரு வகை இருக்கிறது. அது பொல்லாதது. நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளுக்கு மெலனின் என்று பெயர். அதை உண்டாக்கும் கலங்களில் வருவதால் அந்தப் புற்றுக்கு மெலனோமா என்று பெயர் வந்தது. அது முதலில் தோலோடு தோலாகக் கிடக்கும். பிறகு வேர் விடுவதைப் போலக் கீழே இறங்கும். இறங்கினால் இரத்தத்தோடு ஈரல், நுரையீரல், மூளை வரைக்கும் போய்விடும்.

மெலனின் நமக்கு இயற்கை கொடுத்த குடை. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. புற ஊதாக் கதிர் என்பார்கள். அது தோலின் கலங்களைக் கெடுக்கும். மெலனின் அதிகம் உள்ள கறுத்த தோலில் அந்தக் கதிர் ஆழமாகப் போகாது. வெள்ளைத் தோலில் அந்தக் குடை மெல்லியது. அதனால்தான் வெள்ளையர்களுக்கு இந்த நோய் அதிகம்.

வருவது ஒரு கணக்கு, பிழைப்பது இன்னொரு கணக்கு

அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து நோய்க் கணக்கு எழுதி வைக்கிறார்கள். ஆகவே அந்த நாட்டை உதாரணமாக எடுப்போம்.

அங்கே வெள்ளையர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 3 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவை மெலனோமா வருகிறது. கறுப்பர்களில் 1000 பேருக்கு ஒருவருக்குத்தான் வருகிறது. அதாவது வெள்ளையர்களுக்கு இருபது மடங்குக்கும் மேல் அதிகம். இது வரும் கணக்கு.

இனிப் பிழைக்கும் கணக்கைப் பாருங்கள். டொக்டர்மார் இதை ஐந்து வருடத்தை வைத்து அளப்பார்கள். நோய் இருப்பது தெரிந்து ஐந்து வருடம் கழித்து 100 நோயாளர்களில் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. அமெரிக்க வெள்ளையர்களில் 90 பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். கறுப்பர்களில் 70 பேர் அளவில்தான் பிழைத்திருக்கிறார்கள்.

ஒரே நாடு. ஒரே நோய். நல்ல ஆஸ்பத்திரிகள் உள்ள பணக்கார தேசம். அப்படியிருந்தும் 100க்கு இருபது உயிருக்கு மேல் வித்தியாசம் வருகிறது. கறுத்த தோல் பலவீனமானதா? இல்லை. அது நோய் வராமல் காக்கும் பலமான தோல் என்று இப்போதுதானே படித்தோம். அப்படியானால் வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது?

ஒரு மில்லிமீற்றரின் பெறுமதி

1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற டொக்டர் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். மெலனோமாவைப் பொறுத்தவரை அதன் அகலத்தை விடத் தடிப்புத்தான் முக்கியம் என்பதே அது. தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீற்றரில் அளந்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அந்த அளவைத்தான் பார்க்கிறார்கள்.

உங்கள் பிள்ளையின் அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு சின்னக் கோடுகளுக்கு இடையில் உள்ளதுதான் ஒரு மில்லிமீற்றர். அந்த அளவுக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாரும் பிழைத்துக்கொள்கிறார்கள். நாலு மில்லிமீற்றருக்கு மேல் போய்விட்டால் பெரும் ஆபத்து.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். நோய் வந்த இடத்திலேயே நிற்கும்போது கண்டுபிடித்தால், ஐந்து வருடத்துக்குப் பிறகு 100 பேரில் 99 பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும் அளவுக்குப் பரவிவிட்டால் 75 பேர் அளவு. ஈரல், நுரையீரல் என்று தூரத்துக்குப் போய்விட்டால் 35 பேர் அளவு. இது அமெரிக்கக் கணக்கு.

ஆகவே யார் பிழைப்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எந்த நாளில் நோயைக் காட்டினார்கள் என்பதுதான். அமெரிக்கக் கறுப்பர்களுக்கு நோய் தெரியவரும்போது, வெள்ளையர்களை விட அதிகமானோருக்கு அது முற்றியிருக்கிறது. வித்தியாசத்தின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஏன் நாள் கடந்து போகிறது?

முதலாவது காரணம், வருகிற இடம். வெள்ளையர்களுக்கு மெலனோமா முதுகில், காலில், கையில், முகத்தில், வெயில் படுகிற இடத்தில் வரும். பார்த்தால் தெரியும். கறுத்த தோல்காரர்களுக்கும் ஆசிய மக்களுக்கும் அது அதிகமாக வருவது வெயில் படாத இடத்தில்: உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். உள்ளங்காலை யார் தினமும் பார்க்கிறார்கள்?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளங்கால், உள்ளங்கை வகை மெலனோமா வெள்ளையர்களுக்கும் வரும். எல்லா மக்களுக்கும் அது ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. மிக அபூர்வமாக வருகிறது. வெள்ளையர்களுக்கு வெயிலால் வரும் மற்ற வகை மலை போலக் குவிந்திருப்பதால் இது அவர்கள் கணக்கில் தெரிவதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மலை இல்லை. ஆகவே உள்ளங்கால் வகைதான் கண்ணுக்கு முன் நிற்கிறது. இந்த வகைக்கு வெயில் காரணமாகத் தெரியவில்லை. ஆகவே கறுத்த தோல் என்ற குடை இதற்கு உதவாது.

இரண்டாவது காரணம், 'நமக்கு வராது' என்ற நினைப்பு. இது நோயாளிக்கு மட்டும் இருக்கும் நினைப்பல்ல. பல டொக்டர்மாருக்கும் இருந்திருக்கிறது. அவர்கள் படித்த புத்தகங்களில் தோல் நோய்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. கறுத்த தோலில் அதே நோய் வேறு மாதிரித் தெரியும். 2020இல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின மருத்துவ மாணவர் இந்தக் குறையைக் கண்டு, தம் ஆசிரியர்களோடு சேர்ந்து கறுத்த தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று காட்டும் ஒரு கைநூலையே தயாரித்தார். ஒரு மாணவர் எழுந்து கேட்கும் வரைக்கும் அந்தக் குறை அப்படியே கிடந்திருக்கிறது.

மூன்றாவது காரணம், பணமும் தூரமும். அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்கள் டொக்டரிடம் போகத் தயங்குவார்கள். அவர்களுக்கு நோய் தெரிய வரும்போது முற்றியிருக்கும். ஏழை, வசதியுள்ளவர் என்ற வித்தியாசம் அங்கேயும் உயிரோடு விளையாடுகிறது.

நாலாவது காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கால் வகை சற்று முரட்டுத்தனமானது. 2011ஆம் ஆண்டிலிருந்து மெலனோமாவுக்குப் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே எழுப்பிவிட்டுப் புற்றோடு சண்டை பிடிக்க வைக்கும் மருந்துகள் அவற்றில் ஒரு வகை. அந்த வழியைக் கண்டுபிடித்த அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த மருந்துகள் வெயிலால் வந்த வகைக்குக் கேட்கும் அளவுக்கு உள்ளங்கால் வகைக்குக் கேட்பதில்லை. விலையும் மிக அதிகம். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு, முற்றிய பிறகு மருந்தைத் தேடுவதை விட, முற்றும் முன் கண்ணால் பார்ப்பதே பெரிய வைத்தியம்.

ஒரு பாட்டுக்காரரின் கால் விரல்

ஜமேக்கா நாட்டின் பொப் மார்லி என்ற பாடகரின் பெயரை நம் இளைஞர்கள் அறிவார்கள். நீண்ட சடைமுடியோடு அவர் படம் போட்ட ரீசேர்ட் நம்ம தோட்டத்திலும் இருக்கிறது. அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அவருக்குக் கால்பந்து என்றால் உயிர். 1977இல் கால் பெருவிரலில் ஒரு காயம். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றே நினைத்தார்கள். அது ஆறவில்லை. சோதித்தபோது நகத்துக்கு அடியில் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். தம் சமய நம்பிக்கையின் காரணமாக அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் அதன் அடித் தோலையும் மட்டும் எடுத்து, வேறு தோல் வைத்து ஒட்டினார்கள். அவர் தொடர்ந்து பாடினார், ஊர் ஊராய்ப் போனார். 1980இல் நியூயோர்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். அப்போது புற்று மூளை வரை போயிருந்தது. 1981 மே 11ஆம் திகதி காலமானார். வயது 36.

உலகம் அறிந்த மனிதர். காசுக்குக் குறைவில்லை. அப்படிப்பட்டவரையும் ஒரு கால் விரல் கொண்டுபோய்விட்டது.

அவுஸ்திரேலியா சொல்லித் தரும் பாடம்

உலகத்திலேயே மெலனோமா அதிகம் வருகிற நாடுகள் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான். அவுஸ்திரேலியாவின் பூர்வீகக் கறுத்த மக்களுக்கு அது குறைவு. பிரித்தானியா, அயர்லாந்து போன்ற வெயில் குறைந்த நாடுகளிலிருந்து போய்க் குடியேறிய வெள்ளையர்களின் சந்ததிக்குத்தான் அதிகம். குளிர் நாட்டுத் தோல், சுடும் வெயில் நாட்டில். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

ஆனால் அங்கே நோய் வந்த 100 பேரில் 90 பேருக்கு மேல் ஐந்து வருடத்துக்குப் பிறகும் பிழைத்திருக்கிறார்கள். காரணம், நாடே விழித்துக்கொண்டது. 1981இல் ஒரு கடற்பறவைப் படத்தை வைத்து ரி.வி.யில் ஒரு சின்னப் பாட்டுப் போட்டார்கள். சட்டையைப் போடு, கிறீம் பூசு, தொப்பி வை என்பதே அதன் சாரம். சின்னப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெளியில் விளையாட அனுமதி இல்லை. ஒரு மச்சம் மாறினால் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்பது அங்கே சாதாரண மனிதனுக்கும் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதிகம் தேடினால் அதிகம் அகப்படும். ஒருபோதும் ஆளைக் கொல்லாத மிக மெல்லிய புற்றுகளும் அதில் சேர்ந்துவிடுகின்றன என்றும், அதனால் பிழைத்தவர் கணக்கு கூடுதலாகத் தெரிகிறது என்றும் ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. இலக்கத்தைக் கண்டவுடன் நம்பிவிடக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதான். ஆனாலும் ஒரு உண்மை மாறாது. உள்ளங்காலில் ஒரு கறுப்பு வளர்ந்துகொண்டே போனால் அதைச் சும்மா விடுவது புத்தியல்ல.

இன்னொரு விஷயம். பல நாடுகளில் இந்த நோயில் ஆண்களை விடப் பெண்கள்தான் அதிகம் பிழைக்கிறார்கள். உடம்பின் இயல்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆண்கள் காட்டத் தாமதிப்பதும் ஒரு காரணம். கவ்வாத்துக்குப் போகும் அண்ணன்மார் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.

தன்சானியாவின் வெளிறிய பிள்ளைகள்

வெயில் நமக்கு ஒன்றும் செய்யாது என்று எல்லாருக்கும் சொல்ல முடியாது. ஆபிரிக்காவில் தன்சானியா என்ற நாட்டில், பிறவியிலேயே மெலனின் இல்லாத பிள்ளைகள் மற்ற நாடுகளை விட அதிகமாகப் பிறக்கிறார்கள். அப்பா அம்மா கறுப்பு, பிள்ளை வெள்ளை வெளேரென்று, முடியும் வெள்ளையாக இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் காதிலும் இளம் வயதிலேயே தோல் புற்று வருகிறது. அது பெரும்பாலும் மெலனோமா அல்ல, தோலின் மேற்படையில் வரும் வேறு வகை. நேரத்தோடு வெட்டினால் சுகமாகும். கிளினிக் தூரமானதால் பலர் நாள் கடந்தே வருகிறார்கள். அந்த நாட்டில் மோஷி என்ற ஊரில் இவர்களுக்கென்றே வெயில் கிறீம் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அகலத் தொப்பியும் நீளக் கைச் சட்டையும் பாவிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நம் லயங்களிலும் அப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், அது சாபமும் அல்ல, பாவமும் அல்ல. அந்தப் பிள்ளையை வெயிலில் விடாமல் தொப்பி போட்டுப் பள்ளிக்கு அனுப்புங்கள். தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

ஜப்பான்காரர் காலைப் பார்த்த விதம்

ஜப்பானில் மெலனோமா குறைவு. வருவதில் பெரும் பங்கு உள்ளங்காலிலும் நகத்திலும்தான். ஆகவே அந்த நாட்டு டொக்டர்கள் காலைப் படிக்கத் தொடங்கினார்கள். உள்ளங்காலில் கைரேகை போலச் சின்ன வரப்பும் பள்ளமும் உண்டு. டொக்டர் தொஷியாகி சைடாவும் அவரோடு சேர்ந்தவர்களும் கண்ணாடிக் கருவி வைத்துப் பார்த்து ஒன்றைக் கண்டார்கள். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவின் நிறம் வரப்பில் ஓடும். இதை வைத்து, வெட்டாமலேயே சந்தேகத்தைப் பிரித்து அறிய வழி பிறந்தது. பெரிய வயதில் புதிதாக வந்த கறுப்பு 7 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால், அதாவது ஒரு பென்சிலின் பருமனுக்கு மேல் இருந்தால், சதை எடுத்துச் சோதிப்பது நல்லது என்றும் சொன்னார்கள்.

2016இல் ஜப்பானிய டொக்டர்கள் இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார்கள். உள்ளங்காலில் குதி போன்ற, உடம்பின் பாரம் அதிகம் அழுத்தும் இடங்களில்தான் மெலனோமா கூடுதலாக இருந்ததாம். நடந்தால் புற்று வரும் என்று இதற்கு அர்த்தம் அல்ல. எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று இது நமக்குச் சொல்கிறது. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கும் நம்ம ஆட்கள் குதியைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

நான் செய்த பிழை

இனி நான் சொல்வதாகச் சொன்னதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஒரு நாள் பிள்ளை மடுவத்துப் படியில் உட்கார்ந்து குதியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு கறுப்புத் தடம், ஐந்து ரூபாக் குற்றி அளவு. "என்ன பெரியம்மா அது?" என்றேன். "தேயிலக் கட்ட குத்தினது ஐயா. ரத்தம் கட்டி நிக்குது" என்றார். "மருந்தைப் போட்டுக்கொள்ளுங்க, சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். கட்டை எப்போது குத்தியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லியிருப்பார். ஒரு வருடமாக நிற்கும் இரத்தக்கட்டு உலகத்தில் உண்டா?

பிறகு அது வெடித்து நீர் வடிந்தது. அட்டை கடித்த இடம் புண்ணாகிவிட்டது என்றார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?" என்பது. அவரது மகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பெரியம்மா அடுத்த தைப்பொங்கலுக்கு இல்லை.

அவர் வீட்டார் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்கே அப்போது தெரியாது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இப்போது எனக்குத் தெரியும். இதை வாசித்த பிறகு உங்களுக்கும் தெரியும். இனி நமக்குள் யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

எதைப் பார்க்க வேண்டும்?

பயப்பட வேண்டாம். காலில் உள்ள கறுப்பு எல்லாம் புற்று அல்ல. நூற்றில் ஒன்று கூட இருக்காது. பார்க்க வேண்டியவை இவைதான்:

1. உள்ளங்கால், குதி, விரல் இடுக்கு, உள்ளங்கை ஆகிய இடங்களில் புதிதாக வந்த கறுப்பு அல்லது மண்ணிறத் தடம். ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் கடும் கறுப்பு, ஒரு பக்கம் வெளிறல் என்று இருந்தால் கவனம். மாதா மாதம் பெரிதாகிறதா என்று பாருங்கள்.

2. நகத்தில் ஒரு கறுப்புக் கோடு. நம்மில் பலருக்குப் பல நகங்களில் மெல்லிய மண்ணிறக் கோடு இயல்பாகவே இருக்கும். அது ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நகத்தில் மட்டும் வந்து, வர வர அகலமாகி, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு இறங்கினால் உடனே காட்ட வேண்டும்.

3. அடி பட்டதால் வந்த இரத்தக்கட்டு. தோலில் என்றால் சில வாரங்களில் மங்க வேண்டும். நகத்தில் என்றால் நகம் வளர வளர முன்னுக்கு நகர வேண்டும். மங்காமலும் நகராமலும் அதே இடத்தில் நின்றால் அது இரத்தக்கட்டு அல்ல.

4. ஆறாத புண். ஒரு மாதத்துக்கு மேல் மருந்து போட்டும் ஆறாவிட்டால் காட்டுங்கள். எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்காது. சில சிவந்த சதை போலவும் இருக்கும்.

5. பழைய தீக்காயத் தழும்பு, பல வருடமாக ஆறி ஆறி வெடிக்கும் காற்புண். இவற்றில் மெலனோமா அல்லாத வேறு வகைத் தோல் புற்று வரலாம். காஷ்மீரில் குளிருக்காக நெருப்புச் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் தொடையிலும் வயிற்றிலும் இப்படிப் புற்று வருவதை டொக்டர்மார் நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பர்களுக்கும் இந்த வகை அதிகம் வருவது இப்படியான தழும்புகளிலும் புண்களிலும்தான். தழும்பின் ஓரம் தடித்தால், சதை வளர்ந்தால், நாற்றம் வந்தால் தாமதிக்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

மலையிலிருந்து வந்து பீலியில் கால் கழுவும்போது, இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். அட்டை இருக்கிறதா என்று எப்படியும் பார்க்கத்தானே செய்கிறீர்கள்? அதோடு இதையும் பாருங்கள். குனிய முடியாத வயதானவர்களின் காலைப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். மாதத்தில் ஒரு நாள், சம்பள நாளை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான தடத்தைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டு, ஒரு கடதாசியில் அளவை வரைந்து, திகதி எழுதி வையுங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிளேட்டால் சீவாதீர்கள். முடி கட்டி அறுக்காதீர்கள். சுண்ணாம்பு, அமிலம் வைத்துச் சுடாதீர்கள். மேலே போய்விடும், கீழே இறங்கியது இருக்கும். பிறகு டொக்டருக்கும் அடையாளம் தெரியாது.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள். "இது எத்தன மாசமா இருக்கு, இப்படி வளருது" என்று நாளைச் சொல்லிக் காட்டுங்கள். தோல் கிளினிக்குக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. தேவையானால் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள். சதை எடுத்தால் புற்று பரவும் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பிழையான பேச்சு.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும் என்பது எனக்குத் தெரியும். பஸ் காசு வேறு. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவிலும் சரி, ஆபிரிக்காவிலும் சரி, ஏழை மனிதன் சாவது பெரும்பாலும் இப்படி ஒரு நாளைத் தள்ளிப் போட்டதால்தான். போக வழியில்லை என்றால் உங்கள் தோட்ட நலன்புரி அலுவலரிடம் வந்து சொல்லுங்கள். துண்டு வாங்குவது, திகதி எடுப்பது எங்கள் வேலை. வெட்கப்பட வேண்டாம். சேற்றுக் காலையும் பார்ப்போம்.

மடுவத்தில் கேட்ட தங்கச்சிக்கு இதுதான் பதில்: வரும் அம்மா. அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வந்தால், தோலின் நிறம் நம்மைக் காப்பாற்றாது. நேரத்தோடு பார்த்த கண்தான் காப்பாற்றும்.

மாதர் சங்கத்திலும் மாலை வகுப்பிலும் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா குறைவாக வந்தும், வந்தவர்கள் குறைவாகப் பிழைப்பது ஏன்? நாலு காரணம் சொல்லுங்கள்.

2. மெலனோமாவில் அகலத்தை விட எது முக்கியம்? அதை எதில் அளக்கிறார்கள்?

3. இரத்தக்கட்டையும் சந்தேகமான கறுப்பையும் எப்படிப் பிரித்து அறிவீர்கள்?

4. அவுஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் போல, நம் பிள்ளைகளுக்கு இதில் எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?

5. இன்று இரவு யாருடைய காலைப் பார்க்கப் போகிறீர்கள்?